துறுதுறு நாயும் சென்னை ஃபிளாட்டும்: அதன் நாளை வீட்டுக்குள்ளேயே நிரப்புவது எப்படி?

நாலாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒன்றரை வயது லாப்ரடார். காலையில் தெருவில் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால், அதற்குப் பிறகு நாள் முழுக்க அதற்கு வேலையே இல்லை. செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும், லேப்டாப் மேல் காலை வைக்கும், டெலிவரிக்காரர் பெல் அடித்தால் கதவையே பெயர்த்துவிடுவது போலக் குரைக்கும். "இதுக்கு எனர்ஜி ஜாஸ்தி, நல்லா ஓடவிட்டாத்தான் அடங்கும்" என்பார்கள் வீட்டில்.

அது பாதிதான் சரி. தினமும் பந்தை ஐம்பது முறை எறிந்து ஓடவிட்டால், கொஞ்ச நாளில் நாயின் உடம்பு அதற்குப் பழகி வலுவாகி, நூறு முறை கேட்கும். பந்து, பந்து என்று பரபரத்த நாய் வீட்டுக்கு வந்த பிறகும் படுக்காது; மூச்சிரைக்க அங்குமிங்கும் அலையும். ஓட்டம் தேவை, ஆனால் கொஞ்சம் போதும். மோப்பம் பிடிப்பது, மெல்லுவது, நக்குவது, சாப்பாட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது, பிறகு அசந்து தூங்குவது ஆகியவைதான் ஒரு நாயை உண்மையில் நிறைவாக்கும். அத்தனைக்கும் ஹாலும் மொட்டை மாடியும் சமையலறைச் சாமான்களும் போதும்.

தூக்கம் போதுமா என்று முதலில் பாருங்கள்

வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். குட்டிக்கு 18 மணி நேரம்கூட ஆகும். குழந்தைகள் ஓடியாடும், டிவி அலறும் வீட்டில் நாய்க்கு இதில் பாதி கிடைப்பதே கஷ்டம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கண்மண் தெரியாமல் ஓடி, பாவாடையையும் லுங்கியையும் கடித்து இழுக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் விளையாட்டு பற்றவில்லை என்று அர்த்தமில்லை. தூக்கம் பற்றவில்லை. மதியம் இரண்டு மணி நேரம் ஓர் அறையில் திரையை இழுத்துவிட்டு, ஃபேனைப் போட்டுப் படுக்க வையுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

எப்போதும் துள்ளும் நாய் திடீரென்று சுருண்டு படுத்தாலோ, அமைதியான நாய் திடீரென்று தவித்தாலோ, விளையாட்டுச் சாமான் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும். காது அரிப்பும் தோல் அரிப்பும்கூட நாயை நிலைகொள்ள விடாது.

வெயிலை வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் உடல் சூடு தணிகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். அதனால்தான் கடலோரப் புழுக்கத்தில், வெயிலே இல்லாத சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட நாய் தவித்துப்போகிறது. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மார்ச் முதல் ஜூலை வரை நடைக்குச் சரியான நேரம் விடியற்காலை ஐந்து முதல் ஆறே கால் வரை. இரவில் எட்டரைக்கு மேல். தரையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மொட்டை மாடி கான்கிரீட் பகல் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். இரவு எட்டு மணிக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈறு செங்கல் நிறத்துக்கு மாறுவது, கெட்டியான எச்சில் வழிவது, தள்ளாடுவது, வாந்தி ஆகியவை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். கொஞ்சம் தணிந்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது, சூடு உள்ளேயே அடங்கிவிடும். இன்னொன்று: மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். வீட்டுக்குள் பிடித்து வைத்த பக்கெட் தண்ணீரையே எடுங்கள். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களும், அடர்ந்த முடி கொண்ட ஹஸ்கியும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் சுருண்டுவிடும்.

காலை நடையில் வேகம் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, 3 மீட்டர் கயிறு. தெருநாய்களின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். கம்பம், செடி, டயர் என்று எதையெல்லாம் முகர வேண்டுமோ முகரட்டும். அரை மணி நேரம் முகர்ந்து நடந்த நாய், ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓடிய நாயைவிட நன்றாகத் தூங்கும்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தட்டில் வைக்கும் சாப்பாடு இரண்டு நிமிடத்தில் காலி. அதே சாப்பாட்டை வேலையாக மாற்றினால் ஒரு மணி நேரம் ஓடும், கூடுதலாக ஒரு பருக்கைகூடத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 300 கிராம் உலர் தீனி தின்னும் நாய் என்றால், காலையில் 100 கிராம் தேடல் விளையாட்டுக்கு, 50 கிராம் பயிற்சிக்கு, 70 கிராம் மதியம் ரப்பர் பொம்மைக்குள், மீதி 80 இரவுக்கு என்று காலையிலேயே அளந்து டப்பாக்களில் போட்டுவிடுங்கள். அளக்காமல் கையில் வந்ததை அள்ளிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் நாய் குண்டாகிவிடும். தீனிக்கு வெளியே கொடுக்கும் தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள்.

1. தூவல். கால்மிதி அல்லது பழைய துண்டின் மேல் ஒரு கைப்பிடி தீனியைத் தூவி, "தேடு" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் இதுவே போதும்.

2. சுருட்டல். துண்டை விரித்துத் தூவி, தளர்வாகச் சுருட்டிக் கொடுங்கள். அவிழ்க்கத் தெரிந்ததும் இறுக்கிச் சுருட்டுங்கள். பிறகு ஒரு முடிச்சு.

3. இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தீனி, அதன் மேல் ஒரு பந்து அல்லது சுருட்டிய சாக்ஸ். மூடியதைத் தள்ளினால்தான் சாப்பாடு. பழகியதும் இரண்டு குழியில் மட்டும் வைத்து எல்லாவற்றையும் மூடுங்கள். சிக்கன் சாதம் தின்னும் நாய்க்கு இதுதான் வசதி. சாதத்தைத் தரையில் தூவ முடியாதே.

4. அட்டைப்பெட்டி. ஆன்லைனில் வந்த பெட்டியிலிருந்து டேப், பின், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, உள்ளே கசக்கிய செய்தித்தாளும் தீனியும் போட்டு மூடுங்கள். கிழிக்கட்டும். கிழிப்பதோடு நிற்காமல் அட்டையை விழுங்கும் நாய்க்கு இது வேண்டாம்.

5. அறை தேடல். நாயை வெளியே நிறுத்தி, வேகவைத்த சிக்கன் துண்டு மூன்றை ஹாலில் ஒளித்து வையுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியும் இடம், அடுத்து நாற்காலிக்குப் பின்னால், அதற்கடுத்து முட்டி உயரத்தில். கண்டுபிடிக்க முடியாமல் உங்களையே பார்த்தால் கையைக் காட்டாதீர்கள். அடுத்த முறை ஒரு படி எளிதாக்குங்கள். கை காட்டினால் அது மூக்கை விட்டுவிட்டு உங்கள் விரலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தணிக்கும். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையின் சின்ன ஓட்டையை ஒரு கேரட் துண்டால் அடையுங்கள். உப்பில்லாத சிக்கன் சாதத்தைத் தளர்வாக நிரப்பி, வாய்ப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் தயிர் தடவி, ஃப்ரீசரில் இரவு முழுக்க வையுங்கள். முதல் வாரம் உறைய வைக்காமலே கொடுங்கள். முதல் நாளே கல் மாதிரி கொடுத்தால் நாய் நாலு முறை நக்கிவிட்டுப் போய்விடும், "எங்க நாய்க்கு இது பிடிக்கல" என்று பொம்மை அலமாரிக்குப் போய்விடும். பொம்மை அதன் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வேகவைத்த பரங்கிக்காயை மசித்துத் தயிரோடு கலந்து சிலிக்கான் தட்டில் தடவி உறைய வைத்தால் அதுவும் நல்ல வேலை.

தின்னக் கூடாதவற்றில் நம் வீடுகளில் தவறுவது இவை: வெங்காயமும் பூண்டும் (பிரியாணி சிக்கனைக் கழுவிக் கொடுத்தாலும் போகாது), பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சை, திராட்சைப் பழம், சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சுகர்ஃப்ரீ பீனட் பட்டர், வேகவைத்த எலும்பு. கோடையில் மெல்லட்டும் என்று போடும் மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் குடலில் அடைத்து ஆபரேஷன் வரை கொண்டுபோகும். எதையாவது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் மருத்துவர் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

ஐந்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு கோல்

கடையில் 'ஃபிளர்ட் போல்' என்று விற்கும், கயிற்று நுனியில் துண்டு கட்டிய துரத்தல் கோலை நீங்களே செய்யலாம். முக்கால் இஞ்ச் பிவிசி பைப் 3 அடி, 6 மில்லிமீட்டர் கயிறு 7 அடி, பழைய துண்டிலிருந்து கிழித்த ஒரு பட்டை. பைப்பின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேயுங்கள், இல்லையென்றால் கயிறு அறுந்துவிடும். கயிற்றைப் பைப்புக்குள் நுழைத்து, கைப்பிடிப் பக்கம் ஓட்டையைவிடப் பெரிய முடிச்சு போடுங்கள். மறுமுனையில் வெளியே மூன்றரை அடி வரும், அதில் துண்டைக் கட்டுங்கள்.

விளையாடும் முறை: நாய் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். "எடு" என்றதும் துண்டைத் தரையோடு வட்டமாக இழுங்கள். இருபது, முப்பது வினாடி துரத்தியதும் பிடிக்க விடுங்கள். கொஞ்சம் இழுபறி. "விடு" என்று சொல்லி மூக்குக்கு முன்னால் தீனி காட்டுங்கள், விட்டதும் கொடுங்கள். மறுபடி உட்கார வையுங்கள். அடுத்த சுற்று எதிர்த் திசையில். ஐந்தாறு சுற்றோடு நிறுத்தி, ஒரு கைப்பிடி தீனியைத் தூவி முகர விடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் நாய் அடுத்த அரை மணி நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும்.

துண்டை உயரே தூக்கினால் நாய் எம்பித் திரும்பி விழும். முட்டி ஜவ்வு கிழிவது இப்படித்தான். எலும்பு வளர்ந்து முடியாத குட்டிக்கு இது வேண்டாம். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடவே கூடாது: இரண்டு யோகா மேட்டை விரியுங்கள், நகத்தை வெட்டுங்கள், பாத விரல்களுக்கு இடையில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் கயிறு இல்லாமல் விடாதீர்கள். காக்கையைத் துரத்தும் நாய் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காது. ராஜபாளையம், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் ஓட்டம் வேண்டாம்.

லேசர் விளக்கைத் துரத்த வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்திய நாய், சுவரில் விழும் நிழலையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் மணிக்கணக்கில் வெறிக்கத் தொடங்கும். பிறகு அதை நிறுத்துவது பெரும்பாடு.

எல்லா நாய்க்கும் ஒரே கலவை கிடையாது. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள், அவற்றுக்குக் கோல் உயிர். பீகிளுக்குக் கோலைவிட மூக்கு வேலை பிடிக்கும். லாப்ரடாருக்கு வாயில் எதையாவது கவ்விச் சுமக்க வேண்டும். காய்கறிப் பையைச் சமையலறை வரை தூக்கி வரச் சொல்லிக் கொடுங்கள், அதற்கே பெருமையாக நடக்கும்.

ஜமுக்காளத்தில் படுக்கப் பழக்குவது

ஓடக் கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை, சும்மா படுத்திருக்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு ஜமுக்காளத்தை நான்காக மடித்து ஹால் மூலையில் போடுங்கள். நாய் அதன் மேல் கால் வைத்த நொடியே அதன் மேலேயே ஒரு பருக்கை போடுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் கை முக்கியமாகும். ஜமுக்காளத்தில் விழுந்தால் ஜமுக்காளம் முக்கியமாகும். நாலு கால்களும் வந்ததும் மூன்று பருக்கை, படுத்தால் ஐந்து. தானாகவே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு "இடத்துக்குப் போ" என்ற சொல்லைச் சேருங்கள்.

அடுத்து நேரம்: 3 வினாடி, 5, 10, மறுபடி 4, பிறகு 15. ஏறுமுகமாகவே போனால் நாய் அலுத்து எழுந்துவிடும், அதனால் இடையிடையே குறையுங்கள். நேரம் ஒரு நிமிடத்தைத் தொட்ட பிறகுதான் தூரம். கடைசியில் பெல் சத்தம்: உங்கள் வீட்டுப் பெல்லையே போனில் பதிவுசெய்து, மெதுவான ஒலியில் தொடங்கி, ஒலித்ததும் ஜமுக்காளத்தில் தீனி போடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் வீதம் இரண்டு முறை. மூன்று, நான்கு வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

எந்தச் சொல்லாக இருந்தாலும் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். பிள்ளை "சிட்" என்று சொல்லி, பாட்டி "உக்காரு" என்று சொல்லி, அப்பா "டேய், கீழ" என்றால் நாய்க்கு எதுவும் பதியாது.

கவனம் கேட்டு அடம் பிடித்தால்

போன் பேசும்போது குரைப்பது, கையை மூக்கால் முட்டுவது, உங்கள் கண்ணெதிரே செருப்பைத் தூக்குவது, இவை எல்லாம் ஏற்கெனவே பலன் கொடுத்த வழிகள். பார்ப்பது, தொடுவது, திட்டுவது மூன்றுமே நாய்க்குக் கூலிதான். "சும்மா இரு!" என்று கத்துவதும் அதற்குப் பதில் பேசியதாகவே ஆகும்.

மூன்று நாள் ஒரு தாளில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று நேரங்களில்தான் அடம் குவிந்திருக்கும். பதினொரு மணி மீட்டிங்கில் குரைக்கிறது என்றால், பத்தே முக்காலுக்கே உறைந்த பொம்மையைக் கொடுங்கள். குரைத்த பிறகு கொடுத்தால் குரைத்ததற்குக் கொடுத்ததாகிவிடும். ஒரே பொருள், பதினைந்து நிமிட வித்தியாசத்தில் நேர் எதிரான பாடம்.

காலையில் இருபது பருக்கையை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஹாலில் வையுங்கள். நாள் முழுக்க, நாய் தானாக அமைதியாகப் படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பேசாமல் ஒன்றை அதன் முன் வைத்துவிட்டு நகருங்கள். இரவுக்குள் கிண்ணம் காலியாக வேண்டும். நாம் தொந்தரவைத்தான் கவனிக்கிறோம், அமைதியைக் கண்டுகொள்வதில்லை. நாய் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

தேவை எதுவும் பாக்கியில்லாதபோது வரும் குரைப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பேச்சில்லை, தொடுதலில்லை. முதல் சில நாட்கள் குரைப்பு இன்னும் கூடும். நேற்றுவரை வேலை செய்த வழி இன்று ஏன் பலிக்கவில்லை என்று அது இன்னும் பலமாக முயல்கிறது. இந்த இடத்தில்தான் பல வீடுகள் தோற்கின்றன: பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று பத்தாவது நிமிடம் ஒரு மேரி பிஸ்கெட். "பத்து நிமிடம் விடாமல் கத்தினால் கிடைக்கும்" என்ற பாடம் அங்கே முடிகிறது. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். நாய் வாயை மூடி மூன்று வினாடி ஆனதும் ஜமுக்காளத்துக்கு அனுப்பிக் கவனியுங்கள்.

ஆபீஸ் போகும் நாளும் அடைமழை நாளும்

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட்டத்தை முடித்துவிட்டு, தூவல், பிறகு உறைந்த பொம்மை. எட்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடுவதென்றால் நடுவில் ஒருவர் வந்து சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். பால்கனியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு நாள் போனில் வீடியோ வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் போன சில நிமிடங்களிலேயே எச்சில் வழிய, கதவைப் பிராண்டி, உறைந்த பொம்மையைத் தொடாமல் ஓலமிட்டால் அது சலிப்பில்லை, பிரிவைத் தாங்க முடியாத பயம். பொம்மைகளால் தீராது, மருத்துவரையும் அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரையும் பாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாள் தெருவில் இறங்கவே முடியாது. தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் வரும், அதற்கான தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் நடைக்குப் பதில் அறை தேடலை இரண்டு முறை, கோலை ஒரு முறை, ஜமுக்காளத்தை இரண்டு முறை செய்யுங்கள். ஆள் தேடலும் சேர்க்கலாம்: ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்து ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். நாய் கண்டுபிடித்ததும் தடபுடலாகக் கொண்டாடுங்கள், குழந்தைகள் இதை விடவே மாட்டார்கள்.

இதே மாதங்களில்தான் தீபாவளியும். வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே, நன்றாக வெளிச்சம் வருவதற்குள் நடையை முடித்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, நக்கும் தட்டை உள்ளறையில் வையுங்கள். பால்கனிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்க வேண்டும். பயந்த நாய் திறந்த கதவைக் கண்டால் படியிறங்கி ஓடிவிடும்.